அர்ச்சனைச் சீட்டில் சொல்லும் நட்சத்திரத்தை நேரில் பார்ப்பது எப்படி?

கோயிலில் அர்ச்சகர் தட்டை வாங்கியதும் பேர், ராசி, நட்சத்திரம் என்று ஒப்பித்துவிடுவோம். முப்பத்தாறு வருடமாக நானும் "துலாம், சுவாதி" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் அண்ணன் மகள் கூட வந்தாள். வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, "அத்தை, அந்த சுவாதி எங்க இருக்கு? காட்டு" என்றாள். அண்ணாந்து பார்த்தேன். எந்தத் திசை என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு வீண் தொலைநோக்கி, மூன்று மாதம் வேறொரு நட்சத்திரத்தோடு உறவாடியது, ஒரு மலைப்பயணம், ஏராளமான கொசுக்கடி. சரியாகத் தெரிந்திருந்தால் ஒரே வாரத்தில் முடித்திருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதனால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஜென்ம நட்சத்திரம் என்பது நீங்கள் பிறந்த நேரத்தில் நிலா வானத்தில் எந்த இடத்தில் நின்றது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். எனக்கு ஜோதிடத்தில் பெரிய பிடிப்பு கிடையாது. ஆனால் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தபோது, நான் பிறந்தேன், இப்போது இருக்கிறேன் என்ற சங்கதியே திடீரென்று விநோதமாகப் பட்டது. வீட்டுக்கடன் தவணைக்கும் கேஸ் சிலிண்டர் புக்கிங்குக்கும் நடுவில் அந்த எண்ணம் வந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

1. முதலில் ஜாதகத்தைத் தேடுங்கள்

தேவையான ஆவணம் ஒன்றே ஒன்று: ஜாதகம். பீரோவில் மஞ்சள் தடவிய நோட்டாகவோ, பழுப்பேறிய நீளத்தாளாகவோ இருக்கும். அதில் "கர்ப்பச் செல் போக இருப்பு" என்று வரும் வரிக்கு அருகிலேயே நட்சத்திரமும் பாதமும் எழுதியிருப்பார்கள்.

ஜாதகம் இல்லையென்றால் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றும் வேண்டும். கைப்பேசியில் இருக்கும் ஏதாவது பஞ்சாங்கச் செயலியில் கொடுத்தால் நட்சத்திரத்தைச் சொல்லிவிடும். செலவில்லை. ஆனால் இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி, பள்ளிக்கூடத் தேதி. நம் அப்பா அம்மா தலைமுறையில் பலருடைய சான்றிதழ் தேதி, பள்ளியில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்டுக்கொடுத்தது. ஜூன் மாதத்தில் பிறந்த பெரியவர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு அதுதான் காரணம். ஆதாரைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். "நீ பிறந்தப்ப என்ன மாசம், என்ன திருவிழா?" என்று வீட்டில் கேளுங்கள்.

இரண்டாவது, நள்ளிரவு. நம் கணக்கில் நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. 11ஆம் தேதி விடியற்காலை 2 மணிக்குப் பிறந்தவரைப் பழைய ஜாதகங்களில் 10ஆம் தேதி இரவு என்று எழுதியிருப்பார்கள். தேதியை மாற்றிப் போட்டால் பக்கத்து நட்சத்திரம் வந்துவிடும்.

மூன்றாவது, வாக்கியமும் திருக்கணிதமும். இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் நட்சத்திரம் மாறும் நேரத்தில் வித்தியாசம் உண்டு. எல்லையில் பிறந்தவர்களுக்கு ஒன்றில் பூரம், இன்னொன்றில் உத்திரம் என்று வரலாம். வருத்தப்பட வேண்டாம், இரண்டையும் பார்த்துவிடுங்கள். பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

2. உங்கள் நட்சத்திரம் நகரத்தில் தெரியுமா?

27ம் ஒரே பிரகாசம் இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ரோகிணி, திருவாதிரை, புனர்பூசம், மகம், சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அம்பத்தூர் மொட்டைமாடியிலிருந்தே தெரியும். கார்த்திகையும் பரவாயில்லை, சின்னப் புகைக்கொத்து மாதிரி இருக்கும், உற்றுப் பார்த்தால் ஆறு புள்ளிகள்.

அசுவினி, பூரம், உத்திரம், அஸ்தம், விசாகம், அனுஷம், மூலம், பூராடம், உத்திராடம், பூரட்டாதி, உத்திரட்டாதி ஆகியவற்றை ஊருக்குள் நல்ல இரவாகப் பார்த்துத் தேட வேண்டும். மிருகசீரிடம் மங்கல்தான், ஆனால் ஓரியன் என்ற வேட்டைக்காரன் வடிவ நட்சத்திரக் கூட்டத்தின் தலை என்று தெரிந்தால் இடம் தப்பாது.

பரணி, பூசம், ஆயில்யம், அவிட்டம், சதயம், ரேவதி? இவர்கள் நேராக 7ஆம் படிக்குப் போய்விடலாம். ரேவதி எல்லாவற்றிலும் மோசம், கிராமத்து இருட்டிலேயே கண் வலிக்கும்.

மூல நட்சத்திரப் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "பெண் மூலம் நிர்மூலம்" என்று சொல்லி என் தோழி ஒருத்தியை இரண்டு வீட்டில் தட்டிக்கழித்தார்கள். அந்த மூலம் தேளின் கொடுக்கு. விருச்சிகத்தின் வளைந்த வால் முனை. நம் பால்வீதியின் மையம் இருப்பது அந்தப் பக்கம்தான், சுமார் 26,000 ஒளியாண்டு தூரத்தில். வானத்திலேயே கூட்டம் அதிகமான இடம். அங்கே நிர்மூலமாக எதுவும் இல்லை.

3. மாதம் குறிப்பது

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். இந்த 27இல் எந்த நட்சத்திரமும் வருடம் முழுவதும் மாலையில் தெரியாது. சூரியன் அந்தப் பக்கம் வரும் ஒரு மாதம் சுத்தமாக மறைந்துபோகும். கார்த்திகைக்காரர்கள் கத்திரி வெயிலில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் அப்போது சூரியன் நிற்பதே அங்கேதான்.

நேர அட்டவணை நம்மிடமே இருக்கிறது. திருவிழாப் பெயர்கள்தான் அது. சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம், ஆவணி அவிட்டம், திருக்கார்த்திகை, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம். இவையெல்லாம் பௌர்ணமியை ஒட்டி வருபவை. பௌர்ணமி நிலா சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். ஆகவே அந்த மாதத்தில் அந்த நட்சத்திரம் பொழுது சாயும்போது கிழக்கே உதித்து இரவு முழுக்க இருக்கும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் இரவு 8 மணிக்கே உச்சிக்கு வந்திருக்கும். சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போகிறவர்களுக்கு அந்த இரண்டாவது மாதம்தான் சௌகரியம். திருவாதிரைக்கு மாசி, மகத்துக்குச் சித்திரை, விசாகத்துக்கு ஆடி என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா இல்லாத நட்சத்திரம் என்றால் வரிசையில் அதற்குப் பக்கத்தில் இருப்பதை வைத்து எண்ணலாம்.

எச்சரிக்கை: ஆடிப்பூரம், ஆடிக் கார்த்திகை இந்தக் கணக்கில் சேராது. அவை பௌர்ணமித் திருவிழாக்கள் அல்ல. நான் ஆடிப்பூரத்தை வைத்து என் மாமியாருக்குப் பூரம் காட்டுகிறேன் என்று புரட்டாசியில் மாடிக்குக் கூட்டிப்போய் அசடு வழிந்தேன்.

அப்புறம் மழை. அவிட்டத்திலிருந்து அசுவினி வரைக்கும் வசதியான மாதங்கள் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் கொட்டும். காத்திருந்து, மழை விட்டதும், மார்கழிக் கடைசியில் இருட்டியவுடன் மேற்கு வானத்தைப் பாருங்கள். பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி, அசுவினி அப்போதும் போதிய உயரத்தில் இருக்கும். அவிட்டம் அதற்குள் மேற்கே தாழ்ந்துவிடும், அவர்கள் சித்திரை மாதத்து விடியற்காலையில் கிழக்கே தேடலாம். நட்சத்திரங்கள் தினமும் நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கின்றன, மாதத்துக்கு இரண்டு மணி நேரம். இந்தக் கணக்கு கையில் இருந்தால் எதையும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

மாதம் முடிவானதும் நாள். பௌர்ணமி கழிந்து ஐந்தாறு நாள் ஆனால் நிலா இரவு 10 மணிக்கு மேல்தான் உதிக்கும். அன்று தொடங்கி அமாவாசை கழிந்து மூன்று நாள் வரைக்கும் மாலை வானம் இருட்டாக இருக்கும். மளிகைக் கடையில் கொடுத்த தினசரி நாட்காட்டி போதும், அந்தத் தாள்களில் ஒரு மூலையை மடித்துவையுங்கள்.

4. செலவு

நான் செய்த முதல் வேலை, ஆன்லைனில் 3,800 ரூபாய்க்குத் தொலைநோக்கி வாங்கியது. பெட்டியின் மேல் சனிக்கோளின் வளையம் பளபளவென்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்த முக்காலி, மூச்சு விட்டாலே ஆடியது. ஒரு நட்சத்திரத்தைக்கூட அதில் பிடித்து நிறுத்த முடியவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடுவும் முடிந்துபோயிருந்தது. இப்போது அது பரணில்.

ஜென்ம நட்சத்திரத்தைப் பார்க்கத் தொலைநோக்கியே வேண்டாம். எத்தனை பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் நட்சத்திரம் புள்ளிதான். எனக்கு உண்மையில் பயன்பட்டவை: ஒரு கோரைப்பாய், கொசுவிரட்டிக் களிம்பு, டார்ச்சின் முகத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய சிவப்புக் கண்ணாடித்தாள், வானத்தின் வரைபடத்தைக் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் ஸ்டெல்லேரியம் செயலி. எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள் முடிந்தது.

கையில் காசு இருந்தால் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் வாங்குங்கள். கார்த்திகைக்காரர்களுக்கும் பூசத்துக்காரர்களுக்கும் அது கட்டாயம் என்பேன். கார்த்திகையின் ஆறு புள்ளிகள் பல டஜனாகப் பெருகுவதையும், பூசத்துக்குப் பக்கத்தில் தேன்கூடு மாதிரி ஒரு கொத்து இருப்பதையும் அதில்தான் பார்க்க முடியும்.

5. மாடியில் அந்த அரைமணி நேரம்

மாடி விளக்கை அணையுங்கள். பக்கத்து வீட்டு விளக்கு விழுந்தால் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாயை விரியுங்கள். படுத்துக்கொண்டு பாருங்கள், கழுத்து பிழைக்கும். கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரே ஒரு வாட்ஸ்அப் பார்த்தால் அத்தனையும் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். செயலியில் சிவப்புத்திரை வசதி இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தூரத்தைக் கையால் அளக்கலாம். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் சுமார் 10 பாகை. விரல்களை அகல விரித்தால் ஒரு சாண், சுமார் 20 பாகை. நிலா சுற்றிவரும் பாதையை 27 ஆகப் பிரித்து ஒரு நட்சத்திரத்துக்கு ஒதுக்கிய பங்கு 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை), ஒரு முஷ்டியும் கொஞ்சமும். நிலா ஒருநாளில் நகர்வதும் ஏறக்குறைய அதே தூரம்தான். அடுத்தடுத்த இரண்டு இரவு நிலாவைப் பார்த்து முஷ்டியால் அளந்தால் இது கைக்குப் பிடிபடும்.

மங்கலான நட்சத்திரத்தை நேராக முறைக்காதீர்கள். சற்றுப் பக்கத்தில் பார்த்தால் ஓரக்கண்ணில் தெரியும்.

6. இதுதான் அது என்று எப்படி உறுதிசெய்வது?

ஒரு சுருக்கு வழி உண்டு. நாட்காட்டியில் உங்கள் நட்சத்திரம் போட்டிருக்கும் நாளில் நிலா அதற்குப் பக்கத்தில் இருக்கும். "இன்று மாலை 4.12 வரை சுவாதி, பின்பு விசாகம்" என்று இருந்தால் இரவில் நிலா விசாகத்துக்குப் போயிருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

இந்த வழியை நம்பித்தான் நான் ஏமாந்தேன். சுவாதி என்று போட்டிருந்த ஒரு வைகாசி இரவில் நிலாவுக்கு மேற்கே ஒரு முஷ்டி தள்ளிப் பளிச்சென்று வெள்ளையாக ஒன்று தெரிந்தது. கண்ணில் நீர் கட்டியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று மாதம் தினமும் அதற்கு ஒரு வணக்கம். பிறகு வானியல் ஆர்வலர்களின் கூட்டம் ஒன்றில் ஒரு பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்காமல், "சுவாதி ஆரஞ்சு நிறம்மா. நீங்க பார்த்தது வெள்ளைன்னா அது சித்திரை. நிலா இருக்கற இடத்துலேர்ந்து வடக்கே ரொம்ப தள்ளிப் பாக்கணும்" என்றார்.

அதுதான் விஷயம். பெரும்பாலான நட்சத்திரங்கள் நிலா போகும் பாதையை ஒட்டி இருக்கின்றன. சுவாதி, திருவோணம், அவிட்டம் மூன்றும் அப்படியில்லை. பாதைக்கு வடக்கே சுமார் மூன்று முஷ்டி தள்ளி இருக்கின்றன. இந்த மூன்று நட்சத்திரக்காரர்களும் நிலாவை நம்ப வேண்டாம். சுவாதிக்கு நல்ல வழி: வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் அகப்பையைப் பிடியுங்கள். காம்பின் வளைவை அப்படியே நீட்டினால் முதலில் வரும் ஆரஞ்சு நட்சத்திரம் சுவாதி, அதே வளைவில் இன்னும் போனால் சித்திரை. வைகாசி, ஆனி இரவுகளில் சென்னைக்குச் சுவாதி கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே வந்து நிற்கும்.

கோள்களும் குழப்பும். சிமிட்டாமல் நிலையாக எரிந்தால் பெரும்பாலும் அது குருவோ சனியோ. கேட்டைக்காரர்கள் செவ்வாயைப் பார்த்து ஏமாறுவது வழக்கம், இரண்டும் சிவப்பு. செயலியில் ஒருமுறை சரிபாருங்கள்.

7. மங்கல் நட்சத்திரக்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்ப

என் அம்மா பரணி. "பரணியில பொறந்தா தரணி ஆளுவாங்க" என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். சென்னையில் பரணி தெரியவே தெரியாது. எனவே ஜவ்வாது மலைக்குக் கூட்டிப்போனேன். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு வைணு பாப்பு வானாய்வகம் அமைந்திருக்கும் அதே மலை, இருட்டுக்குக் கேட்கவா வேண்டும்? வானாய்வகத்துக்குள் பொதுமக்களை விடும் நாளும் விதியும் மாறக்கூடியவை, அதையும் பார்க்க ஆசையிருந்தால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து வாணியம்பாடிக்கு ரயில். அங்கிருந்து ஆலங்காயம் வழியாக மலைக்கு வாடகைக் கார் பிடித்தோம். ஒருநாள் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 5,400 ரூபாய் ஆனது. அடையாள அட்டையின் அசல் கொண்டுபோங்கள், தங்குமிடத்தில் கேட்பார்கள். தை மாதக் குளிருக்குச் சால்வையும் குல்லாவும் வேண்டும். இரவில் காட்டுக்குள் போகவே வேண்டாம், தங்கும் இடத்து மாடியே போதும். ஆனால் அறை பதிவு செய்யும்போதே "ராத்திரி வெளிவிளக்கை அணைப்பீர்களா?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. முற்றத்து ஹாலஜன் விளக்கை இரவு 11 மணி வரை அணைக்க மாட்டோம் என்று சாதித்துவிட்டார்கள். நல்லவேளை, பின்பக்கம் துணி காயப்போடும் இடம் இருட்டாக இருந்தது.

அங்கே பாயை விரித்துப் படுத்தோம். கார்த்திகையிலிருந்து மேற்கே ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி, மூன்று மங்கல் புள்ளிகள், சின்ன முக்கோணம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் தெரியுமோ தெரியாதோ என்று எனக்குப் பயம். கால்மணி நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இதுவா? இத்தனூண்டா?" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "எங்கம்மா வயித்துல நான் இருந்தப்பவும் இது இங்கதான் இருந்துச்சு, இல்ல?" என்றார். அதற்கு மேல் அவரை எழுப்பி உள்ளே கூட்டிவர முடியவில்லை. ஒரு மணி வரை அங்கேயே கிடந்தோம்.

8. உங்கள் வயது வெளிச்சம்

இது கட்டாயமில்லாத படி. ஆனால் செய்யாமல் விடாதீர்கள்.

நட்சத்திரத்திலிருந்து வெளிச்சம் வந்துசேர வருடக்கணக்கில் ஆகும். உங்கள் வயதும் அந்தக் கணக்கும் ஒன்றாக இருக்கும் வருடத்தில், நீங்கள் பிறந்தபோது கிளம்பிய வெளிச்சம் உங்கள் கண்ணில் வந்து விழும். திருவோணத்துக்கு ஏறத்தாழ 17 வருடம். இந்த 27இல் சேராத அபிஜித்துக்கு (வேகா) 25. புனர்பூசத்தின் இரட்டையரில் போலக்ஸுக்கு 34, உத்திரத்துக்கு 36, சுவாதிக்கு 37, ரோகிணிக்கு 65, மகத்துக்கு 79. சித்திரையும் கார்த்திகையும் யாருக்கும் எட்டாது. சித்திரையில் தெரிவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சென்னைக் கோட்டையில் இருந்த காலத்து வெளிச்சம், கார்த்திகையில் தெரிவது மதுரையை நாயக்கர்கள் ஆண்ட காலத்தது.

உங்கள் ஜென்ம நட்சத்திரமாகவே இருக்க வேண்டியதில்லை, எனக்கு மட்டும் தற்செயலாக இரண்டும் சேர்ந்துகொண்டது. முப்பத்தேழு நடந்துகொண்டிருந்தபோதுதான் சரியான சுவாதியைக் கண்டுபிடித்தேன். இந்தக் கணக்கில் சில மாதம் முன்பின் இருக்கும், பிறந்தநாள் அன்றேதான் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

அண்ணன் மகளுக்கு இப்போது எட்டரை வயது. ஓரியனுக்குக் கீழே தென்கிழக்கில், வானத்திலேயே பிரகாசமான சிரியஸைக் காட்டினேன், 8.6 வருடம். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அடுத்த வருசம் இது எனக்குப் பழசாயிடுமா அத்தை?"

"ஆமா. அப்புறம் பன்னெண்டு வயசு ஆகப்போறப்ப அதோ அது வரும்" என்று புரோசியனைக் காட்டினேன், பதினொன்றரை வருடம்.

"சரி, அது வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாயில் எனக்கு இடமே விடாமல் புரண்டு படுத்துக்கொண்டாள்.